உப்புப் பூத்த சிங்கம்

1

ஒரே கிழமையில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் நிறைந்ததற்கு நன்றி சொல்லி ஒன்று. சட்டையில் குத்திக்கொள்ள வெள்ளி நிறத்தில் ஒரு பட்ஜும் உள்ளே இருந்தது. மூன்று நாள் கழித்து மற்றது. விசாரணை முடியும்வரை நான் வேலைத்தலத்துக்குள் கால் வைக்கக் கூடாது, சம்பளம் வழமைபோல் வரும் என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும் கீழே ஒரே ஆளின் கையெழுத்து. அந்த ஆள் இரண்டையும் வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். என் சொந்தக்காரர் பலர் நான் லண்டன் மியூசியம் ஒன்றில் பெரிய ஒஃபிசர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தியதில்லை. நான் ஒஃபிசர் இல்லை. நகரத்து நடுவில் ஒரு அருங்காட்சியகம்; அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே அறைக்காவல் பார்க்கிறவன் நான். கறுப்புக் காற்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "தொடாதேங்கோ" என்று சொல்வதும், கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டுவதும்தான் நாள் முழுக்க வேலை. இருபது வருடத்தில் பதினொரு வருடம் ஒரே அறையில் நின்றேன்.

அது எட்ருஸ்கர் அறை. ரோமர்கள் பெரிய ஆட்களாக வருவதற்கு முன்பு, இன்றைய ரோமுக்கு வடக்கே இருந்த சனம் எட்ருஸ்கர். அவர்கள் இருந்த இடம் எரிமலை நாடு. எப்போதோ எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து, இறுகி, கல்லாகிவிட்டது. வெட்ட இலேசான கல். அதன் மேட்டில் ஊர் கட்டினார்கள், சரிவில் கல்லறை குடைந்தார்கள், அதே கல்லில் சிங்கம் செதுக்கிக் கல்லறை வாசலில் காவலுக்கு வைத்தார்கள். அப்படியொரு சிங்கம் என் அறையில் இருந்தது. கண்ணாடிப் பெட்டி இல்லாமல், சுவரோரம் ஒரு பீடத்தில். சிங்கம் என்றதும் உங்களுக்கு வேறு நினைவு வரும். இது பாவம். ஒரு நாய் உயரம், முன்பல்லுத் தேய்ந்தது, வயிற்றுக்கோளாறு பிடித்தது போன்ற முகம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேலாக வாயைத் திறந்தபடி இருக்கிறது. பதினொரு வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலையைப் பார்த்தோம்.

அதன் கீழ்த்தாடையை நான்தான் உடைத்தேன் என்று சொன்னார்கள்.

2

போன மாரிக்கு முதல் மாரியில் சிங்கத்தின் முன்காலில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டேன். தூசி என்று முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். தூசி இல்லை, உப்பு. பஞ்சு போல நுண்ணிய மயிராக நின்றது. அது என்னவென்று தெரிந்துகொள்ள எனக்குப் பட்டம் தேவையில்லை. கல் கீழிருந்து தண்ணீர் குடிக்கிறது; தண்ணீர் காய்கிறது; உப்பு வெளியே வருகிறது; வரும்போது கல்லையும் உடைத்துக்கொண்டு வருகிறது. சுவருக்குப் பின்னால் சூடாக்கும் குழாய் போகிறது. அது கசிகிறது என்பது பீடத்தின் அடியில் கைவைத்தால் தெரியும்.

எங்களுக்கு ஒரு ஷிப்ட் புத்தகம் இருந்தது. பின்னேரம் வேலை முடிந்து போகும்போது, அறையில் கண்டதை அதில் எழுத வேண்டும். நாள் முழுக்க நின்ற களைப்பில் எனக்கு ஆங்கிலம் இலகுவாக வராது. அதனால் பொக்கற்றில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருப்பேன். முதலில் அதில் தமிழில் எழுதி, பிறகு பார்த்து ஆங்கிலத்தில் மாற்றுவேன். அன்றைக்குக் கொப்பியில் எழுதியது இது: "சிங்கத்தின் முன்காலில் உப்புப் பூத்திருக்கு. பீடம் ஈரம். குழாயைப் பார்க்க வேணும்." அதை அப்படியே ஆங்கிலமாக்கினேன். சிங்கத்தின் காலில் உப்புப் பூத்திருக்கிறது என்று. பூ என்ற சொல்லைத்தான் போட்டேன்.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் எங்கள் மனேஜர் கிளைவ் அதை உரத்து வாசித்தார். "நாதன் சொல்கிறார், எங்கள் சிங்கம் பூத்திருக்கிறதாம். தண்ணி ஊத்துவமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போதுகூட என்னை எரிக்கிறது அதுதான். நானும் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து என் லொக்கரின் கைபிடியில் யாரோ ஒரு பிளாஸ்டிக் பூவைச் செருகியிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் ஆறு தடவை எழுதினேன். வேறு சொற்கள் தேடித் தேடி எழுதினேன். வெள்ளைத் தூள், ஈரம், கல் உதிர்கிறது. ஒருவரும் வந்து பார்க்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தாடையிலிருந்து தூள் தானாகவே கொட்டுவதைக் கண்டேன். ஒரு டிஷ்யூவைக் கீழே பிடித்து ஏந்திக்கொண்டு போய்க் கிளைவின் மேசையில் வைத்தேன். கையோடு கொண்டுபோய்க் காட்டினால் நம்புவார் என்று நினைத்தேன். அவர் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். நான் திரும்பி வாசலுக்குப் போவதற்குள் டிஷ்யூவைச் சுருட்டிக் குப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கத்தின் கீழ்த்தாடை விழுந்தது. அன்று எனக்கு லீவு. கமராவைப் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை நான் சிங்கத்தின் வாயடியில் கையும் டிஷ்யூவுமாக நிற்கிறேன். அவ்வளவு போதும். பொருளைத் தொட்டது, அனுமதியில்லாமல் துடைத்தது, சேதம் விளைவித்தது. அதுதான் குற்றப்பத்திரம்.

தாடை விழும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னை விசாரித்த பெண் கேட்டாள். "ஷிப்ட் புத்தகத்தைப் பாருங்கோ, ஏழு தரம் எழுதியிருக்கிறன்" என்றேன். இப்போது எல்லாம் கொம்பியூட்டரில் வந்துவிட்டதால் பழைய புத்தகங்களை மீள்சுழற்சிக்குப் போட்டுவிட்டார்களாம். அப்படியொரு பதிவு இருந்ததற்கு ஆதாரம் இல்லையாம். இரண்டாயிரம் வருடத்துப் பழைய ஓட்டுத் துண்டுக்கும் இலக்கம் போட்டு வைத்திருக்கிற கட்டடம் அது. போன வருடத்து ஷிப்ட் புத்தகத்தைத் தொலைத்துவிட்டது.

3

வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். மனைவி சாந்தி பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு ஆறரைக்குப் போய்விடுவாள். பகலில் வீட்டிலிருக்கிற ஆம்பிளையைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. குப்பைத்தொட்டியை வெளியே வைப்பதற்குக்கூடச் சேர்ட் போட்டுக்கொண்டு போனேன்.

மகள் துளசி சட்டனில் இருக்கிறாள். ஒரு கொம்பனியின் ஆளணிப் பிரிவில் நல்ல உத்தியோகம். ஆட்களை எடுப்பது, எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது, அனுப்புவது எல்லாம் அந்தப் பிரிவுதான். அவள் ஆங்கிலத்தில் கதைப்பாள், நான் தமிழில் கதைப்பேன். நடுவில் "அப்பா" மட்டும் இரண்டு பேருக்கும் பொது. இங்கே அவள் சொன்னவற்றை என் தமிழில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை வாசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இதை நான் நாளாந்தம் பாக்கிறன். நீங்கள் எதிர்த்தா அவை இறுக்குவினம். கவனமில்லாமல் தொட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு எழுதுங்கோ. ஒரு எச்சரிக்கையோடை முடியும்."

"நான் செய்யேல்லை, பிள்ளை."

"செய்தீங்களோ இல்லையோ எண்டது இல்லை இப்ப கேள்வி. எப்பிடி முடிக்கிறது எண்டதுதான்."

"உன்ரை கந்தோரிலை அப்பிடித்தானோ?"

"எல்லாக் கந்தோரிலையும் அப்பிடித்தான் அப்பா."

சாந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவர் ஒருக்கா கையெழுத்து வைச்சதாலை ஏழு வருசம் பட்டது போதும்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவள் சொன்னது அகதி விண்ணப்பத்தை. நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது என்னை விசாரித்த அதிகாரிக்கு, "முகாமிலை நாலு மாதம் இருந்தனான்" என்று சொன்னேன். ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவைத்த முகாம். மொழிபெயர்க்க வந்தவர் அவசரத்தில் இருந்தார். நாலு மாதம் முகாமில் வசித்தேன் என்று சொல்லிவிட்டார். எழுதியதை என்னிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள், வைத்தேன். நிராகரித்து வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: இராணுவ முகாமில் நீங்களே விரும்பி வசித்திருக்கிறீர்கள், ஆகவே இராணுவத்தால் உங்களுக்கு ஆபத்து என்பதை நம்ப முடியவில்லை. இருந்தது என்ற ஒரு சொல். அதைத் திருத்த ஏழு வருடம், மூன்று வழக்கறிஞர்கள், இரண்டு மேன்முறையீடு. துளசி பிறந்தபோதும் என் வழக்கு முடியவில்லை.

இந்தக் கதை துளசிக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு ஏன் என்று சொல்லவில்லை. சாந்தி சொன்னதையும் அவள் கவனிக்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பயணத்தை ரத்துச் செய்ய வேண்டாம் அப்பா, டிக்கெட் எடுத்தாச்சு" என்றாள்.

என் அறுபதாவது பிறந்தநாளுக்கென்று, பிரச்சினை தொடங்குவதற்கு முன்பே, அவள் எனக்கும் தனக்கும் இத்தாலிக்கு நாலு நாள் பயணம் ஒழுங்கு செய்திருந்தாள். பதினொரு வருடம் எட்ருஸ்கர் அறையில் நின்ற அப்பா அந்த இடத்தை ஒருக்கால் பார்க்கட்டும் என்று. போகலாமா என்று அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். போகலாம், ஆனால் கூப்பிட்டால் போன் எடுக்க வேண்டும் என்று பதில் வந்தது.

4

விட்டெர்போவில் அறை எடுத்து, வாடகைக் காரில் போனோம். துளசி ஓட்டினாள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண நாடு: ஒலிவ் தோட்டம், செம்மறி ஆடு, வயல். திடீரென்று நிலம் பிளந்து ஆழப் பள்ளம் இறங்குகிறது. பள்ளத்தின் இரண்டு பக்கமும் செந்தவிட்டு நிறப் பாறைச் சுவர். கையால் தடவினால் மா உதிர்வதுபோல உதிர்கிறது. நடுவில் பயறளவு, புளியங்கொட்டையளவு கறுப்புக் கற்கள். எரிமலை வீசியெறிந்தவை, விழுந்த இடத்திலேயே இருக்கின்றன.

பாறையை வெட்டி எட்ருஸ்கர் போட்ட பாதை ஒன்றால் நடந்தோம். தரைக்கு மேலே போட்ட பாதை இல்லை, தரைக்குள் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். இரண்டு மாடி பஸ் ஒன்று நின்றாலும் மேலே தெரியாத ஆழம். சுவர் முழுக்க உளி அடித்த அடையாளம். பாதையின் ஓரத்தில் கையகலத்துக்கு ஒரு வாய்க்கால். வளைவு முடிந்ததும் எதிர்ச் சரிவில் கல்லறைகள் தெரிந்தன. வீட்டு முகப்புப் போலவே, கூரை, நிலை, படி எல்லாம் பாறையிலேயே வெட்டி, வரிசையாக, தெரு மாதிரி.

எனக்கு அங்கே முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை, கோபம். ஒவ்வொரு கல்லறையின் நெற்றியிலும் ஒரு கோடு கிழித்திருந்தது. மேலே விழும் மழைத்தண்ணீர் முகப்பில் வழியாமல், பக்கவாட்டில் ஓடி இறங்குவதற்கு வெட்டிய வாய்க்கால் அது. கல்லுக்குத் தண்ணீர் எமன் என்று அந்தச் சனத்துக்குத் தெரிந்திருக்கிறது. செத்தவனுக்கு வீடு கட்டும்போதே தண்ணீருக்கு வழி வெட்டியிருக்கிறார்கள். இங்கே, ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற பத்துப் பேர் மேல்மாடியில் இருக்கிற கட்டடத்தில், ஒரு குழாயின் ஒழுக்கை அடைக்க ஆளில்லை.

"பாத்தியோ பிள்ளை? பாத்தியோ இதை?" என்று கத்தினேன். துளசி என்னைத்தான் பார்த்தாள், கல்லறையைப் பார்க்கவில்லை.

வாசலில் டிக்கெட் கொடுத்த அம்மா எங்களோடு வந்திருந்தார். லூசியா என்று பெயர். முழங்காலில் பட்டி கட்டியிருந்தார்; கொஞ்சம் ஆங்கிலம் பேசினார். ஒரு கல்லறையின் அடியறையைத் திறந்துவிட்டார். படியிறங்கி உள்ளே போனேன். மூன்று பக்கமும் பிரேதம் வைக்கிற கல் திண்டு. லூசியா பின்னால் நின்று டோர்ச் அடித்தார். வெளிச்சம் போய் விழுந்த இடத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும், சுவர் வெள்ளையாகப் பூத்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. வெளியே வந்து ஒரு கல்லில் குந்தியிருக்கிறேன். சேர்ட் நனைந்திருக்கிறது. துளசி தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டு, "அப்பா, நெஞ்சு நோகுதோ? அப்பா?" என்று கேட்கிறாள்.

அப்போதுதான் சொன்னேன். முகாம் கடற்கரையில் இருந்தது என்று. என்னை வைத்திருந்த அறைக்கு ஜன்னல் இல்லை, கதவின் மேல்பக்கத்தில் ஒரு கை நீளத்துக்குக் கம்பி, அதனால் ஒரு துண்டு வெளிச்சம் வந்து எதிர்ச் சுவரில் விழும் என்று. நாலு மாதம் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரே பொருள் அந்தச் சுவர். உப்பு ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஏறுகிறது, எந்த இடத்தில் பூச்சுப் பொருமுகிறது, இனி எது விழும் என்று எனக்குத் தெரியும். அடுத்து விழப்போகிற துண்டை முதல்நாளே கண்டுபிடித்தால் நான் வீட்டுக்குப் போவேன் என்று எனக்குள்ளே ஒரு கணக்கு. கண்டுபிடித்தேன், பல தடவை. வீட்டுக்கு விடவில்லை. சிங்கத்தின் தாடை விழும் என்று எப்படித் தெரிந்தது என்று அந்த விசாரணைக்காரி கேட்டாள் பார், இப்படித்தான் தெரிந்தது என்று சொன்னேன்.

துளசி போத்தல் மூடியைத் திறந்து பூட்டி, திறந்து பூட்டிக்கொண்டிருந்தாள்.

லூசியாவுக்குத் தமிழ் விளங்காது. நான் பயந்துவிட்டேன் என்று நினைத்தார் போல. என் பக்கத்தில் வந்து, என் கையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைக் காட்டி, ஒன்றுமில்லை, ஈரம், ஒவ்வொரு வருடமும் வரும், "ஃபியோரிஷே" என்று சொன்னார். அதென்ன என்று துளசி கேட்டாள். லூசியா யோசித்து, விரல்களைக் குவித்து மெல்ல விரித்துக் காட்டினார்.

பூக்கிறது என்று காட்டினார். கல் பூக்கிறது.

துளசி போனை எடுத்து எதையோ தேடினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்லில் உப்பு வெளிவருவதற்கு ஆங்கிலத்திலும் ஒரு சொல் இருக்கிறதாம், எஃப்ளொரெசென்ஸ் என்று. எங்கள் அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் இருக்கிறவர்கள் எழுதுகிற சொல்தானாம். அந்தச் சொல்லும் பூவிலிருந்துதான் வந்ததாம்.

"அப்பா, நீங்கள் எழுதினது சரியான சொல்லு," என்றாள்.

"எனக்குத் தெரியும்," என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன்.

5

லண்டனுக்குத் திரும்பியதும் என் கொப்பியை ஆதாரமாகக் கொடுத்தேன். ஏழு பதிவும் திகதியோடு அதில் இருக்கிறது. தமிழில் இருப்பதால் ஏற்க முடியாது, அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும், குடும்பத்தவர் செய்யக் கூடாது என்று பதில் வந்தது. துளசி ஒருவரைத் தேடிப் பிடித்தாள். எட்மண்டனில் ஒரு கணக்காளர் கடைக்கு மேலே அவருடைய அறை. தமிழ்நாட்டுக்காரர், மரியாதையான மனிதர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொப்பியைப் பார்த்தார்.

"சார், இங்க 'உப்புப் பூத்திருக்கு'ன்னு இருக்கு. இதை உப்புப் படிஞ்சிருக்குன்னு போட்டுடட்டுமா? இங்கிலீஷ்ல அதுதான் நல்லா இருக்கும்."

அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளருக்கு நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் இந்த அப்பாவி மனிதருக்குச் சொல்லப் பார்த்தேன். அடக்கிக்கொண்டேன்.

"நல்லா இருக்கத் தேவையில்லை ஐயா. நான் என்ன எழுதினனோ அதை எழுதுங்கோ. பூத்திருக்கு எண்டால் பூத்திருக்கு."

"ஆமா சார். எழுதறேன்," என்றார். எழுதியதை உரத்து வாசித்தும் காட்டினார். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னேன். பிறகுதான் எழுந்தேன்.

6

விசாரணைக்கு மகளைக் கூட்டிப்போக அனுமதியில்லை. சக ஊழியர் ஒருவர் அல்லது தொழிற்சங்கத்தவர் மட்டும் வரலாம். கிரேஸ் வந்தாள். கானாவிலிருந்து வந்தவள், மட்பாண்ட அறையில் நிற்கிறவள், எங்கள் சங்கப் பொறுப்பாளர். அவள்தான் சண்டை பிடித்து வெளியிலிருந்து ஒரு கல் நிபுணரைக் கொண்டுவந்து சிங்கத்தைப் பார்க்க வைத்தவள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஓரத்தில் கிளைவ். கிரேஸ் நிபுணரின் அறிக்கையை வாசித்தாள். பீடத்தின் வழியாக நீண்டகாலமாக ஈரம் ஏறியிருக்கிறது. உப்பு வெளிவந்து கல்லின் கட்டைத் தளர்த்தியிருக்கிறது. தாடை தானாக விழுந்தது. கை பட்டதற்கான அடையாளமே இல்லை. அந்தப் பூச் சொல் அறிக்கையில் நாலு தடவை வந்தது. அதன்பிறகு என் கொப்பியின் மொழிபெயர்ப்பை வாசித்தாள்.

விசாரணைக் குழுத் தலைவி கிளைவைப் பார்த்தாள். கிளைவ் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: நாதன் நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மொழி தெளிவாக இருந்திருந்தால் நாங்கள் உடனே நடவடிக்கை எடுத்திருப்போம்.

நான் எழுந்து நின்றேன். கிரேஸ் என் முழங்கையைப் பிடித்தாள், விடுவித்துக்கொண்டேன். இருபது வருடமாக அந்தக் கட்டடத்தில் நான் குரலை உயர்த்தியதில்லை. ஆங்கிலத்தில்தான் சொன்னேன், பிழையோ சரியோ.

"நான் எழுதினது இந்த நிபுணர் எழுதின அதே சொல்லு. நான் ஒரு வருசம் முன்னுக்கு எழுதினன். நீங்கள் அதைச் சத்தமா வாசிச்சுச் சிரிச்சனீங்கள். உங்கடை மொழி உங்களுக்குத் தெரியாததுக்கு எனக்கு ஏன் தண்டனை?"

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். "அதையும் எழுதுங்கோ," என்றேன். எழுதினாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, நான் வேலைக்குத் திரும்பலாம். குற்றம் செய்யவில்லை என்று அதில் எங்கேயும் இல்லை. யாரும் பிழை விட்டதாகவும் இல்லை. கடைசிப் பந்தியில் ஒரு சலுகை: என் தொடர்பாடல் திறனை வளர்த்துக்கொள்ள, வேலை நேரத்திலேயே, இலவச ஆங்கில வகுப்பு.

சிங்கத்தைப் பற்றிய பதிவேட்டில் "ஊழியர் கையாண்டதால் சேதம்" என்று எழுதி வைத்திருந்தார்கள் என்று கிரேஸ் எனக்குச் சொல்லியிருந்தாள். அதைத் திருத்தும்வரை வேலைக்கு வரமாட்டேன் என்று எழுதிப் போட்டேன். அந்தச் சிங்கம் இனியும் இரண்டாயிரம் வருடம் இருக்கக்கூடும். இருக்கும்வரை அதன் பெயரோடு என் கையும் பொய்யாக ஒட்டிக்கொண்டிருக்க நான் விடமாட்டேன். சம்பளத்தை நிறுத்துவோம் என்றார்கள். நிறுத்துங்கள் என்றேன். ஆறு கிழமை இழுத்துவிட்டுத் திருத்தினார்கள்.

7

திருத்திய பதிவின் பிரதியை வாங்கப் போன நாளில் துளசிதான் காரில் கூட்டிப்போனாள். திரும்பி வரும்போது ஆங்கில வகுப்புக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அதுவரை காட்டவில்லை.

"'உங்களது தொடர்பாடல் திறனை வளர்த்துக்கொள்ள இது நல்ல சந்தர்ப்பம்.' எந்த நாய் இதை எழுதியிருக்கும்? ஒரு மனுசனை மூண்டு மாதம் கள்ளனைப்போலை வீட்டிலை இருத்திப்போட்டு, இதை எழுதுறதுக்குக் கை கூசாதோ?"

சிக்னலில் பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"அப்பா, அது ஒரு மாதிரிக் கடிதம்," என்றாள். "எல்லாரும் அதைத்தான் பாவிக்கிறது. பேரை மட்டும் மாத்துறது."

"நீயுமோ?"

"ஓம்."

காரை ஓரமாக நிறுத்தினாள். ஒரு பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், நிறுத்தக் கூடாத இடத்தில். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னாள். போன வருடம் அவர்களுடைய கட்டடத்தில் சுத்தம் செய்கிற ஒரு பெண், களஞ்சிய அறையில் காஸ் மணம் வருகிறது என்று திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுடைய ஆங்கிலம் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள ஒருவரும் முயலவுமில்லை. ஒருநாள் அந்தப் பெண் தானாகவே ஆட்களை வெளியே போகச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். கட்டடம் அரைநாள் மூடிக் கிடந்தது. அனுமதியில்லாமல் எச்சரிக்கை எழுப்பியதற்கு அவளுக்கு இறுதி எச்சரிக்கை. கடிதம் எழுதியது துளசி. அதன் கீழே ஆங்கில வகுப்பும் போட்டிருக்கிறாள். கொஞ்ச நாளில் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாள்.

"காஸ் ஒழுகினதோ?" என்று கேட்டேன்.

"ஓம் அப்பா. பிறகு கண்டுபிடிச்சவை."

"பிறகு அவளைக் கூப்பிட்டுச் சொன்னனீங்களோ?"

தலையை ஆட்டினாள். இல்லை.

மூன்று மாதமாகக் கிளைவுக்கும், விசாரணைக்காரிக்கும், கையெழுத்து வைத்த அந்த முகமில்லாத ஆளுக்கும் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதும் என் வாய்வரை வந்தது. பக்கத்தில் இருந்தது நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுடைய சம்பளத்தில் எடுத்த டிக்கெட்டில்தான் நான் இத்தாலிக்குப் போய் வந்தேன்.

"அந்த மனுசியின்ரை பேர் என்ன?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, உண்மையாகவே யோசித்தாள். பஸ் ஒன்று வந்து எங்களுக்குப் பின்னால் நின்று வெளிச்சம் அடித்தது.

"ஞாபகமில்லை அப்பா."

நான் கதவைத் திறந்து இறங்கினேன். அவள் கூப்பிட்டாள், திரும்பவில்லை. அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தேன். அந்தக் கிழமை முழுக்கத் துளசி போன் அடித்தபோது சாந்தியிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை, நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் போன் அடித்தது. துளசி. இந்தமுறை எடுத்தேன்.

"ரோசா," என்றாள். "அவவின்ரை பேர் ரோசா எலேனா. ரெண்டு பிள்ளையள். இப்ப வேறை ஒரு இடத்திலை வேலை செய்யிறா. நேத்துப் போய்ச் சந்திச்சனான்."

"என்ன சொன்னவ?"

"கதவைச் சாத்திப்போட்டா அப்பா. ரெண்டாம் தரம் தட்டினன், திறந்தவ."

அவள் மூச்சுவிடுவது கேட்டது.

"அந்தக் கேஸை திரும்ப எடுக்கச் சொல்லி இண்டைக்கு எழுத்திலை குடுத்திட்டன். நான் எழுதின கடிதம் பிழை எண்டு என்ரை பேரைப் போட்டே எழுதியிருக்கிறன். மேலை உள்ளவை என்னிலை சரியான கோவம்."

"கோவிக்கட்டும்," என்றேன்.